கழட்டு அக்கா

என் ஓரகத்தியின் வாயிலிருந்து வாடிக்கையாளர் காதில் விழும் முதல் சொல் "கழட்டு." வங்கி மேலாளர் வந்தாலும் கழட்டு, பேரன் பேத்தி எடுத்தவர் வந்தாலும் கழட்டு. "கழட்டுங்க" என்று கூட இரண்டெழுத்து சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவளிடம் நேராகக் கேட்டதில்லை. என் கணவரிடமும் மாமனாரிடமும் காய்கறிக் கடைக்காரியிடமும் கேட்டிருக்கிறேன். கடைத்தெரு முழுக்க அவளுக்குக் கழட்டு அக்கா என்றே பெயர். ஒருமுறை தபால்காரர் கடிதத்தோடு வந்து, "கழட்டு அக்கா இருக்காங்களா?" என்று மாமனாரிடமே கேட்டுவிட்டார். அவள் அதற்கு முகம் சுளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அவர் காலைப் பார்த்து, "இந்தச் செருப்போடயா பனியில நடக்கிற?" என்றாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு ஐந்து வருடம் முன்பே வந்தவள். நான் வந்த முதல் நாள், எல்லோரும் என் நகையையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் குனிந்து என் காலைப் பார்த்தாள். "ஒரு அளவு சின்னதா போட்டிருக்க" என்றாள். கல்யாணத்துக்கென்று என் அம்மா நாலு கடை ஏறி இறங்கி வாங்கித் தந்த காலணி அது. வா என்று ஒரு சொல் இல்லை, வாழ்த்து இல்லை. அன்று விழுந்த முடிச்சு அதற்குப் பிறகு அவிழவே இல்லை.

மலைக்கு ஏறும் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது மாமனாரின் கடை. ஆறு மாதம் பனி. பனியில் நடக்கவும் சறுக்கவும் உறைந்த ஏரியைப் பார்க்கவும் கீழேயிருந்து வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பளி உள்சட்டை, ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேல்கோட்டு, குல்லா, கையுறை, பூட்ஸ் எல்லாம் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கும். வாசலை ஒட்டிக் கல்லா. அது என் இடம். உள்ளே வலது மூலையில் ஒரு முக்காலி, அதற்கு எதிரே சரிவாகச் சாய்த்து அடித்த ஒரு பலகை. அது அவள் இடம்.

மூத்தவர், அதாவது அவள் கணவர், நெஞ்சில் சளி கட்டி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. வீட்டின் பின்னறையும் கடையின் அந்த முக்காலியும்தான் அவளுக்கு மிச்சம். முக்காலியில் உட்காரும்வரை அவள் கடைக்கு வேண்டியவள். அது போனால் வீட்டில் தண்டச்சோறு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த முக்காலியின் மேல் கண் வைத்தேன்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் அவளைத் திட்டுவது நியாயமில்லை, அதனால் அதையும் சொல்கிறேன். காலையில் பூட்ஸ் வாங்க வந்தால் சாயங்காலம் வரச் சொல்லுவாள். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் உப்பிய பிறகுதான் அதன் நிஜமான அளவு தெரியுமாம். வந்தவர் போட்டிருக்கும் மெல்லிய சாக்ஸைக் கழற்ற வைத்து, மலையில் போடப்போகும் தடித்த கம்பளி சாக்ஸை மாட்ட வைப்பாள். நாடாவைக் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் போகாவிட்டால் கழட்டு. போனால், நாடாவைக் கட்டிக்கொண்டு சரிவுப் பலகையில் இறங்கி நடக்க வேண்டும். கால்விரல் நுனி முன்னால் போய் இடித்தால் கழட்டு. உள்ளே ஐந்து விரலையும் ஆட்டச் சொல்லுவாள். ஆட்டுகிறேன் என்று புளுகுகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இதிலெல்லாம் தப்பித்தவர்கள் கடைசியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வார்கள். எழுந்து நின்று, கண்ணாடியில் பார்த்து, சந்தோஷமாக "கச்சிதமா இருக்குக்கா" என்பார்கள். உடனே கழட்டு. எங்கள் கடையில் கச்சிதம் என்பது கெட்ட வார்த்தை. "சட்டை கச்சிதமா இருக்கட்டும். பூட்ஸுக்குள்ள காத்து நிக்க எடம் வேணும். காத்துதான் சூடு. கச்சிதமா இருந்தா ரத்தம் எங்க ஓடும்?" என்பாள்.

உடுப்புக்கும் இதே கதைதான். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு "நல்லா கதகதன்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் அதில் ஒன்றைக் கழட்டு. "கடைக்குள்ளயே கதகதன்னு இருந்தா மேட்டுல ஏறும்போது வேர்க்கும். வேர்த்தா நின்ன எடத்துல விறைக்கும். கிளம்பும்போது லேசா குளிரணும்." காலரை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, உள்ளே பருத்திப் பனியன் தெரிந்தால் அதற்கும் கழட்டு, பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு உடம்போடு சேர்ந்து உறையுமாம். உள்ளே வியர்வையை இழுத்து வெளியே தள்ளும் மெல்லிய சட்டை, நடுவில் கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் கோட்டு. இந்த மூன்றுக்கு மேல் அவளிடம் பேச்சு கிடையாது. ஆசையாகப் பொருள் வாங்க வந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து போகிறவர்கள்போலத் திரும்புவதை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியென்று பட்டால், பூட்ஸின் நாக்கை, அதாவது நாடாவுக்கு அடியில் இருக்கும் அந்தத் தோலை, வெளியே இழுத்து அதன் உள்பக்கம் நீல மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். ஜோடியில் ஒரு பூட்ஸில் மட்டும். அந்தக் கோடு இல்லாமல் எதுவும் கல்லாவைத் தாண்டக் கூடாது என்பது மாமனாரின் கட்டளை. "பெரியவ கோடு போட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு அனுப்புவேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நானும் ஏழெட்டு வருடம் கோடு பார்த்துத்தான் பில் போட்டேன். கோடு இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தக் கால் பூட்ஸில் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவள். பனிக்கடியில் கறுத்துப்போன விரல்களை டாக்டர் வெட்டும்போது தட்டு பிடித்துக்கொண்டு நின்றவள். இதை மாமனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது என் மனம் ஒன்றும் இளகவில்லை. அதற்காக வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் அந்தக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமா என்றுதான் தோன்றியது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு வியாபாரிகள் சங்கம் உறைந்த ஏரிவரை மூன்று நாள் பனிநடை ஏற்பாடு செய்தது. முப்பது பேர், தலைமை என் கணவர். அவருக்கு ஆள் எடுப்பாகத் தெரிய வேண்டும், அது ஒன்றும் குற்றமில்லை. புதிதாக வந்திறங்கிய சரக்கிலிருந்து காப்பி நிறத் தோல் பூட்ஸ் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"எப்படி? கச்சிதமா இருக்குல்ல?" என்றார்.

எல்லோருக்கும் அந்தச் சொல்லின் கதை தெரியும். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வலது மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வழக்கமாக அவள் அவரைத் "தம்பி" என்பாள், "வாங்க, போங்க" என்பாள். ஊருக்கெல்லாம் இல்லாத மரியாதையைக் கொழுந்தனுக்கு மட்டும் வைத்திருந்தாள். அன்று முக்காலியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்.

"கழட்டு."

"என்ன அண்ணி?"

"கழட்டு. அரை அளவு பத்தாது. உள்ள என்ன போட்டிருக்கு, பருத்திப் பனியனா? அதையும் கழட்டு."

பாத்திரக்கடைக்காரர் மெதுவாக, "தலைவரே, அதோட நிறுத்திக்கச் சொல்லுங்க" என்றார். கடையே அதிரும்படி சிரித்தார்கள். என் கணவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பூட்ஸைக் கழற்றிப் பலகைமேல் போட்டுவிட்டு வெறும் சாக்ஸோடு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "ஒரு 'ங்க' வேணாம். 'தம்பி'ன்னாவது சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் முன்னாடி, வேலைக்காரனைச் சொல்ற மாதிரி கழட்டுன்னா என்ன அர்த்தம்?" என்றார். "பெரிய அளவு போட்டா பக்கெட்டுக்குள்ள கால விட்ட மாதிரி இருக்கு. நான் முன்னாடி நடக்கணும், எல்லாரும் என் காலைத்தான் பாப்பாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை வருடம் நான் கரடியாகக் கத்தியும் காதில் வாங்காதவர் ஒரே நாளில் என் பக்கம் வந்துவிட்டாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அவள் அன்று சாயங்காலமே அவருக்கென்று அரை அளவு பெரிய கறுப்பு ஜோடியைத் தேர்ந்து, கோடு போட்டு, கல்லாவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அவர் காலை அளந்து பார்க்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பனிநடைக்கு முந்தின நாள் மதியம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போனாள். நான் அந்தக் கறுப்பு ஜோடியை எடுத்துக் கிடங்கில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். முக்காலிக்கு அடியில் இருந்த நீலப் பென்சிலை எடுத்தேன். காப்பி நிற ஜோடியில் கைக்கு வந்தது வலது பூட்ஸ். நாக்கை இழுத்துக் கோடு போட்டேன். கை நடுங்கியது என்று சொன்னால் அது பொய்.

மாமனார் வந்து நாக்கை இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லையே, பெரியவ விட்டுக்கொடுத்துட்டாளே" என்று பையில் போட்டார். என் கணவருக்கு அன்று கால் தரையில் படவில்லை. "அண்ணி எறங்கி வந்துட்டாங்க பாத்தியா?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மறுநாள் விடியும்முன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பூட்ஸை மலைப்பாதை தொடங்கும் இடத்தில்தான் மாட்டுவார்கள். அவள் வாசலில் நின்று பையைத்தான் பார்த்தாள்.

பிறகு நடந்ததை அவர் வாயால் கேட்டதுதான். முதல் நாள் பூட்ஸ் இறுக்கமாக இருந்ததாம். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டாவது நாள் இன்னொரு ஜோடி சாக்ஸையும் உள்ளே திணித்துக்கொண்டாராம். காலையில் உயிர் போகிற வலி. மத்தியானத்துக்கு மேல் வலி நின்றுவிட்டது. பூட்ஸ் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறார். ராத்தங்கலில் இவர் சாக்ஸை உருவிய பாத்திரக்கடைக்காரர்தான் முதலில் பார்த்து அலறியிருக்கிறார். மூன்றாவது நாள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் இடது காலில் மூன்று விரலை எடுத்தார்கள்.

மாமனார் அந்தப் பூட்ஸை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "பெரியவளே, இது உன் கோடாம்மா?" என்று கேட்டார்.

அவள் இடது பூட்ஸின் நாக்கை இழுத்துப் பார்த்தாள். பிறகு வலதை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் என் கதை அன்றோடு முடிந்தது.

"கோடு இருக்கே மாமா" என்றாள்.

"உன் கோட்டை நம்பித்தானேம்மா கண்ணை மூடிக்கிட்டு அனுப்பினேன்" என்று மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவள் நீலப் பென்சிலைக் கல்லாவில் வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள். அன்றிலிருந்து வாடகைக்குப் போய்த் திரும்பும் பூட்ஸைத் துடைத்து மெழுகு பூசுவது, சாக்ஸை ஜோடி சேர்ப்பது, கோட்டை உதறி மடிப்பது அவள் வேலை. தன் கோடுதான் என்று அவளே நம்பிவிட்டாள், மக்கு என்று நினைத்து மூச்சு விட்டேன்.

கழட்டு அக்கா கொழுந்தன் விரலையே கழட்டிவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. அதை முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. இரண்டாவது ஆள் நான்தான்.

முக்காலி எனக்கு வந்தது. நான் எல்லோருக்கும் "ங்க" போட்டேன். கச்சிதமா இருக்கு என்றால் சந்தோஷம் என்றேன். வருகிறவர்கள் சிரித்த முகமாகப் போனார்கள். கொஞ்ச நாளில் சிலர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "பெரியக்கா இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றேன்.

வீட்டில் தினமும் காலையில் என் கணவருக்கு இடது கால் சாக்ஸை நான்தான் மாட்டிவிட வேண்டும். அவர் அந்தக் காலைப் பார்க்க மாட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நீட்டுவார். விரல் இல்லாத இடத்தில் கம்பளித் துண்டைச் சுருட்டி வைத்துத் தைத்த சாக்ஸ். "அண்ணி மேல எனக்குக் கோபம் இல்ல. எனக்காக எறங்கி வந்தாங்க, அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்பார். அவர் அவளைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த குளிர்காலம் வந்தது. சங்கத்து நடைக்கு மறுபடி முப்பது பேர். நான் பன்னிரண்டு ஜோடிக்குக் கோடு போட்டுவிட்டேன். பதின்மூன்றாவதாக வந்தது மருந்துக்கடைக்காரரின் மனைவி. குதிகாலுக்குப் பின்னால் என் விரல் பாதிதான் போனது. அவள் எழுந்து கண்ணாடியைப் பார்த்து, "கச்சிதமா இருக்குங்க" என்றாள். நான் நாக்கை இழுத்துப் பிடித்தேன். பென்சில் கையில் இருக்கிறது, கோடு வரவில்லை. ஒரு நிமிஷம் இருங்க என்று பூட்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" ஒரு வருடத்தில் அவளிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

அவள் மெழுகுத் துணியைக் கீழே வைக்கவில்லை. "எதுக்கு? கோடு போட்டு அனுப்பு. உனக்குத்தான் நல்லா போட வருமே."

அவள் எழுந்துபோய்ப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கறுப்பு ஜோடியை எடுத்து வந்தாள். தூசு இல்லை. மெழுகு பூசிப் பளபளவென்று வைத்திருந்தாள். இடது பூட்ஸின் நாக்கை இழுத்துக் காட்டினாள். நீலக் கோடு.

"எல்லாருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெருசு. எந்தக் கால் பெருசோ அதுலதான் நான் கோடு போடுவேன். உன் புருஷனுக்கு எடது கால் பெருசு. நீ வலதுல போட்டிருந்த. பத்து வருஷமா கூட இருக்க, அது தெரியல உனக்கு."

"அப்ப அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"நாக்கை இழுத்த ஒடனே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சிரித்தாள். "சொல்லியிருந்தா? மாமா ரெண்டு திட்டு திட்டியிருப்பாரு. நீ ஒரு மூலையில ஒக்காந்து அழுதிருப்ப. தம்பி மனசு எளகியிருக்கும். ஒரு மாசத்துல எல்லாம் சரியாப் போயிருக்கும். எனக்கு அது பத்தாது." துணியை மெழுகில் அழுத்தி எடுத்தாள். "சொல்லாததால தெனமும் காலையில நீ அவர் காலுக்கு சாக்ஸ் மாட்டுற. மாட்டு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடம் அவள் அடங்கிக் கிடக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கிடங்கில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்திருக்கிறாள். "நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஈரம் இருந்தா விறைக்கும். முக்காலியில ஒக்கார்றவளுக்கு அது தெரிய வேணாமா?" என்றாள். பிறகு என் கையிலிருந்த பூட்ஸைப் பிடுங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். "யார் காலு?"

"மருந்துக்கடைக்காரர் சம்சாரம்."

"சாயங்காலம் வரச் சொல்லு. ஒரு அளவு பெருசு எடு." பூட்ஸை என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஜோடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை சாக்ஸ் மாட்டினேன். புதிதாகத் தைத்தது. என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடியே காலை அசைத்துப் பார்த்து, "இன்னைக்குக் கச்சிதமா இருக்கு" என்றார். என்னை வேண்டுமென்று குத்தவில்லை, அவருக்கு அந்தச் சொல் சாதாரணமாக வந்துவிட்டது. எனக்குத்தான் தாங்கவில்லை.

"கழட்டுங்க" என்றேன். கழற்றினேன். அவர் காலைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மனசாட்சி குத்தியதால் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். அவள் பார்த்து ரசிக்க இன்னொரு காலையை அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வீம்பும் அதில் இருந்தது. நான் கோடு போட்ட பன்னிரண்டு ஜோடி மலைக்குப் போகப்போகிறது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் ஒன்றுதான் கேட்டார். "அப்ப அண்ணி எனக்காக எறங்கி வரவே இல்லையா?"

"இல்ல."

அவர் என் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். குனிந்து, அந்த மூன்று விரல் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே, சாக்ஸைத் தானே மாட்டினார். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை மாட்ட விடவில்லை.

விஷயம் தெரிந்ததும் மாமனார் என்னைத் திட்டவில்லை. பென்சிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு கிடங்கு வாசலில் போய் நின்றார். மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. "என் கண்ணு மேல நம்பிக்கை இருந்தா அன்னைக்குப் பையில போடும்போது கோட்டைப் பாத்திருக்க மாட்டீங்க மாமா, என்னைக் கேட்டிருப்பீங்க" என்று அவரையும் விடாமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். முக்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பன்னிரண்டு பேரையும் வரவழைத்தாள். கழட்டு, கழட்டு என்று சாயங்காலம் முழுக்க ஒரே குரல். ஒன்பது ஜோடியைத் திருப்பி வாங்கினாள். முப்பது பேரும் அறுபது காலோடு திரும்பி வந்தார்கள்.

இப்போது கிடங்கில் இருப்பது நான். மெழுகு வாசனை கையை விட்டுப் போவதில்லை. என் கணவர் என்னோடு தேவைக்குப் பேசுகிறார். ஊரில் என்னைப் பற்றி என்ன பேச்சு ஓடுகிறது என்று காய்கறிக் கடைக்காரி சொல்ல மாட்டேன் என்கிறாள். அவள் சொல்லாததே போதும்.

போன வாரம், ஏரியின் முதல் வளைவுவரை கோலூன்றி நடந்து பார்க்கலாம் என்று டாக்டர் அவருக்கு அனுமதி கொடுத்தார். "நீயும் வா" என்றார். ஒரு வருடத்தில் அவராகக் கூப்பிட்டது அது ஒன்றுதான். எனக்குப் பனி பூட்ஸ் கிடையாது. பதினோரு வருடம் கடையில் இருந்தும் நான் மலைப்பக்கம் போனதில்லை. சாயங்காலம்வரை காத்திருந்து, தடித்த கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்குக் கழட்டு. அவர் மனைவிக்குக் கழட்டு. அப்புறம் நான்.

அவள் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டாள். மாட்டினேன். குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டாள். சரிவுப் பலகையில் நடந்தேன். ஐந்து விரலையும் ஆட்டினேன், பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லையும் நான் சொல்லவில்லை. ஆனால் இடது பக்கம் முன்னால் கொஞ்சம் இடித்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கழட்டுங்க" என்றாள்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து மாமனார் தலையைத் தூக்கினார். அந்த இரண்டெழுத்தை ஊருக்காக இத்தனை வருடம் கேட்டவள் நான். முன்பின் தெரியாதவர்கள்கூட அவளுக்கு நீதான். அந்த வரிசையில் நான் ஒருத்திதான் நீங்க.

உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, கழற்றிக் கொடுத்தேன்.